பத்துக் குஞ்சில் எத்தனை மிஞ்சும்?

நாட்டுக்கோழிக்கு லாபக் கணக்கு போடுகிற எல்லோரும் முட்டையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். ஒரு பெட்டை வருஷத்துக்கு இத்தனை முட்டை, அதில் இத்தனை குஞ்சு, ஒரு குஞ்சு இத்தனை மாதத்தில் இத்தனை கிலோ. காகிதத்தில் பெருக்கிக்கொண்டே போனால் மூன்றாம் வருஷம் வீட்டைச் சுற்றி கோழிதான் நிற்கும், மனுஷனுக்கு இடம் இருக்காது. ஆனால் நிஜத்தில் எந்தக் கொல்லையிலும் அப்படி ஆவதில்லை. எங்கள் தெருவில் ரொம்ப காலமாகக் கோழி வளர்க்கும் ஓர் ஆயா சொல்லுவாங்க: "பத்துல நாலு நின்னா போதும்பா, அதுக்கு மேல கடவுள் கொடுக்கிறது." இந்தக் கட்டுரை நின்ற நாலைப் பற்றியது அல்ல. போன ஆறைப் பற்றியது.

நான் இருப்பது உத்திரமேரூரிலிருந்து வந்தவாசி போகும் பாதையில் ஒரு சின்ன ஊர். வீட்டோடு சேர்ந்து எண்பது சென்ட் நிலம். இரண்டு ஆடு, ஒரு பசு, பத்துப் பன்னிரண்டு கோழி, ஓரமாகக் காய்கறிப் பாத்தி. தச்சு வேலை, கம்பி வேலை எல்லாம் முடிந்தவரை நானே செய்வேன். ஒரு பழைய நோட்டில் எந்தக் கோழி எப்போது அடை படுத்தது, எத்தனை பொரித்தது, எது எப்படிச் செத்தது என்று எழுதி வைப்பது வழக்கம். முதல் வருஷத்துக் கணக்கு இது: பொரித்த குஞ்சு 31. எட்டு வாரம் தாண்டியது 11. போன 20-ல் பகலில் காக்கா, பருந்து தூக்கியது 5. ராத்திரியில் கீரி, பூனை கொண்டுபோனது 4. ஈரத்திலும் குளிரிலும் விறைத்தது 4. கழிச்சலில் போனது 7.

இது ஒரு வீட்டின் ஒரு வருஷத்துக் கணக்கு மட்டுமே. இதை வைத்து ஊருக்கெல்லாம் சதவீதம் சொல்ல முடியாது. ஆனால் நான்கு காரணங்களும் எல்லா வீட்டுக்கும் பொது. ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு வேலை செய்து தடுக்கலாம். எந்த வேலையை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி.

முதலில் கோழியின் காலண்டர்

சிறுவிடைப் பெட்டை ஒரு ஈட்டுக்குப் பத்திலிருந்து பதினைந்து முட்டை வரை இடும். தினமும் இடாது, இடையில் ஓரிரு நாள் விட்டு விட்டு இடும் என்பதால் இதற்கே இரண்டு மூன்று வாரம் ஆகிவிடும். பிறகு அடை படுக்கும். 21 நாள். பொரித்த பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதத்துக்கு மேல் திரியும். ஆக ஒரு சுற்றுக்கு நூறு நாளுக்கு மேல். வருஷத்துக்கு மூன்று சுற்று, நல்ல தீனி இருந்தால் நான்கு. நாட்டுக்கோழி குறைவாக முட்டையிடுகிறது என்கிறோம். அதன் நேரத்தில் பாதிக்கு மேல் அடை காப்பதிலும் குஞ்சு மேய்ப்பதிலும் போகிறது என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இங்கே ஒரு விஷயம் பலருக்கும் புதிராக இருக்கும். முதல் முட்டைக்கும் கடைசி முட்டைக்கும் நடுவே இரண்டு வாரத்துக்கு மேல் இடைவெளி. அப்படியிருக்க எல்லாக் குஞ்சும் ஒரே நாளில் எப்படிப் பொரிக்கின்றன? காரணம், எல்லா முட்டையையும் இட்டு முடிக்கும் வரை கோழி அடை படுப்பதில்லை. முட்டைக்குள் இருக்கும் கரு ஏறக்குறைய 20, 21 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வளராமல் நின்றுவிடும். கோழி உட்கார்ந்து சூடு கொடுக்கும்போது எல்லாம் ஒன்றாக வளரத் தொடங்கும்.

நம்ம ஊரில் இதுதான் சிக்கல். சித்திரை, வைகாசியில் நிழலிலேயே 35 டிகிரிக்கு மேல் போகிறது. கோழி அடை படுக்காமலேயே கரு அரைகுறையாக வளர ஆரம்பித்து, தேவையான சூடு இல்லாமல் உள்ளேயே செத்துவிடும். வெயில் காலத்தில் கூமுட்டை அதிகம் என்று சொல்வதில் ஒரு பங்கு இதுதான். எல்லாமே சேவல் சேராத முட்டை அல்ல. தீர்வு பழையது, சுலபமானது. அகன்ற சட்டியில் ஆற்று மணல் நிரப்பி நனைத்து, அதன்மேல் சின்ன மண்பானை வைத்து, பானைக்குள் முட்டைகளை வைத்து, ஈரத்துணி போட்டு மூடி, காற்று வரும் இருட்டான மூலையில் வைக்க வேண்டும். தண்ணீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. வெளியே உள்ளதைவிட உள்ளே சில டிகிரி குறையும். இப்படி வைத்தாலும் கோடையில் ஐந்தாறு நாளுக்கு மேல் பழைய முட்டையை அடைக்கு வைக்காதீங்க, அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம். அடைக்குப் புது முட்டைதான்.

அடை வைத்த ஏழாம் நாள் ராத்திரி, ஒரு அட்டைப்பெட்டியில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு உள்ளே டார்ச் வைத்து, ஓட்டைமேல் முட்டையைப் பிடித்துப் பாருங்க. நடுவில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திவலை மாதிரி ரத்த நாளங்களும் தெரிந்தால் உயிர் இருக்கிறது. ஒரே வெளிச்சமாகத் தெரிந்தால் எடுத்துவிடலாம். கெட்ட முட்டை வெடித்தால் நல்ல முட்டையும் கெடும் என்பதால் இந்த ஐந்து நிமிஷ வேலை முக்கியம்.

குளிர்: பல்பும் தாயும்

பொரித்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே வைத்துக்கொள்ளத் தெரியாது. மேலே இருப்பது மெல்லிய பஞ்சு, இறகு அல்ல. இறகு முளைத்து உடம்பு தேற மூன்று நான்கு வாரம் ஆகும். அதுவரை யாராவது சூடு கொடுக்க வேண்டும். முதல் வாரத்தில் குஞ்சு நிற்கும் இடத்தில் 35 டிகிரி தேவை. அதன் பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி போலக் குறைத்துக்கொண்டே வரலாம். கோடையில் இது பெரிய விஷயமே இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போதுதான் தொல்லை. எங்கள் பக்கம் ஏரிக்கரை ஓரத்து வீடுகளில் தரையே ஈரமாகிவிடும். நனைந்த குஞ்சு ஒரே ராத்திரியில் விறைத்துவிடும்.

இதற்கு எல்லோரும் சொல்லும் தீர்வு பல்பு வைத்த அடைகாப்பான். ஒரு குஞ்சுக்கு இரண்டு வாட் என்பது பொதுவான கணக்கு. ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட். ஆனால் இந்தக் கணக்கு பழைய குண்டு பல்புக்குப் போட்டது. அது வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் கொடுக்கும். அந்தப் "பலவீனம்"தான் குஞ்சுக்குப் பலம். இப்போது கடையில் கேட்டால் எல்இடி பல்பைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பார்கள். ஒன்பது வாட் எல்இடி அறையையே வெளிச்சமாக்கும், குஞ்சுக்குச் சூடு கொடுக்காது. குண்டு பல்புதான் வேண்டும் என்று சொல்லி வாங்க வேண்டும்.

அமைப்பது கஷ்டமில்லை. ஒன்றரை அடி உயரத்தில் தகரத்தையோ அட்டையையோ வளைத்து வட்டமாக நிறுத்துங்க. சதுரப் பெட்டி வேண்டாம். குளிர்ந்தால் குஞ்சுகள் மூலையில் போய் ஒன்றின்மேல் ஒன்று ஏறும், அடியில் இருப்பது மூச்சுத் திணறிச் சாகும். வட்டத்தில் மூலை கிடையாது. தரையில் இரண்டு அங்குலம் உமி, அதன்மேல் முதல் மூன்று நாளைக்குச் செய்தித்தாள். இல்லாவிட்டால் தீனி என்று நினைத்து உமியைக் கொத்தும். பல்பைக் கயிற்றில் தொங்கவிட்டு ஏற்றி இறக்கும்படி வைக்க வேண்டும். தெர்மாமீட்டர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குஞ்சுகள் பல்புக்கு அடியிலேயே கும்பலாக நின்றால் சூடு பத்தவில்லை. சுவரோரம் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகப் படுத்து, மெதுவாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்தால் சரியாக இருக்கிறது. ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வருகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எதிர்க்கருத்து. பத்துப் பன்னிரண்டு குஞ்சுக்குப் பல்பு தேவையில்லை. தாய்க்கோழி கரண்ட் போனால் அணைவதில்லை. தீனி எது, ஆபத்து எது என்றும் சொல்லிக் கொடுக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்கள் செய்யும் ஒரு வேலையை நான் எந்தக் கையேட்டிலும் பார்க்கவில்லை. இரண்டு கோழியை ஒரே நாளில் அடை வைப்பார்கள். இரண்டும் பொரித்ததும், அன்று ராத்திரி இருட்டில் எல்லாக் குஞ்சையும் சாதுவான ஒரு கோழியின் அடியில் விட்டுவிடுவார்கள். விடிந்ததும் அது எல்லாவற்றையும் தன் குஞ்சாகவே ஏற்றுக்கொள்ளும். பகலில் செய்தால் அந்நியக் குஞ்சைக் கொத்தும். குஞ்சைப் பிரிந்த இன்னொரு கோழி சில வாரத்தில் மறுபடி முட்டைக்கு வந்துவிடும். இப்படிச் செய்தால் வருஷத்தில் ஒரு ஈடு கூடுதலாகக் கிடைக்கும், கரண்ட் செலவும் இல்லை. மூன்று நான்கு கோழி ஒன்றாகப் பொரித்தால் மட்டும் பல்பைப் பற்றி யோசிக்கலாம்.

பகல் திருடன், ராத்திரித் திருடன்

பகலில் வருவது மேலிருந்து: காக்கா, பருந்து, வல்லூறு. முதல் மூன்று நான்கு வாரம்தான் இந்தப் பயம். அதுவரை தாயையும் குஞ்சையும் மூங்கில் கூடையில் கவிழ்த்து வைப்பது நம்ம வழக்கம். தெற்கே பஞ்சாரம் என்பார்கள், எங்கள் பக்கம் வெறும் கூடைதான். கூடையை எடுத்த பிறகும் கொல்லையில் ஒளிய இடம் இருக்க வேண்டும். பழைய தென்னங்கீற்றில் ஒரு அடி உயரத்தில் சாய்வாக இரண்டு மூன்று படல் போட்டு வைத்தால் போதும். தாய் ஒரு குரல் கொடுத்தால் குஞ்சுகள் உள்ளே ஓடிவிடும். சுத்தமாகப் பெருக்கி மொட்டையாக வைத்த முற்றம் பருந்துக்குத்தான் வசதி.

ராத்திரியில் வருவது கீழிருந்து: கீரி, பூனை, பெருச்சாளி, முட்டைக்கு வரும் சாரைப்பாம்பு. இதற்குக் கூண்டு வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்துக்கு நாலு அடி தாராளம். ராத்திரி தூங்க மட்டும்தானே, ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். நான் கட்டியதில் கவனித்தவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

கம்பி: அறுகோணக் கண் போட்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கத்தான் உதவும், திருடனை வெளியே வைக்க உதவாது. தலை நுழைந்தால் கீரிக்கு உடம்பும் நுழையும். அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் வாங்குங்க. காசு கட்டுப்படி ஆகாவிட்டால் கீழ் இரண்டு அடிக்கு மட்டும் வெல்டு மெஷ், மேலே கோழிவலை.

அடி: கீரியும் பெருச்சாளியும் தோண்டும். கூண்டைச் சுற்றி ஒரு அடி அகலத்துக்கு மெஷ்ஷைத் தரையோடு படுக்கவைத்து, மேலே கல்லும் மண்ணும் போட்டுவிட்டால், சுவரோரம் தோண்ட வருவது கம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை. முடிந்தால் கல்தூண் நிறுத்தி இரண்டு அடி உயரத்தில் கூண்டை ஏற்றிவிடுவது இன்னும் நல்லது. மழைக்காலத்தில் தரை ஈரமும் ஏறாது.

திசை: நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்க வேண்டும். அப்போது நீளமான பக்கங்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கும். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் படும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. அதனால் தகரக் கூரை வேண்டாம். ஏற்கெனவே தகரம் போட்டிருந்தால் மேலே கீற்று பரப்பிவிடுங்க.

காற்று: எச்சத்திலிருந்து அம்மோனியா வரும். நின்றுகொண்டு மோந்து பார்த்தால் தெரியாது. குனிந்து கோழியின் தலை உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்க. கண் எரிந்தால் கோழிக்கும் எரிகிறது. உமியைக் கிளறிவிட்டு ஈரமானதை எடுத்துவிட வேண்டும். எடுத்ததை வீணாக்காதீங்க. மட்க வைத்துப் பாத்திக்குப் போடலாம். பறவை எச்சத்தின் அருமை இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. பக்கத்தில் வேடந்தாங்கல் மக்கள் நீர்ப்பறவைகளைப் பல தலைமுறையாகக் காப்பாற்றி வந்ததற்கு, எச்சம் கரைந்த ஏரித்தண்ணீர் கழனிக்கு உரம் என்பதும் ஒரு காரணம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸிடம் அந்தப் பறவைகளைச் சுடக்கூடாது என்று உரிமையே எழுதி வாங்கியிருக்கிறார்கள்.

கதவு: எவ்வளவு நல்ல கூண்டாக இருந்தாலும் பொழுது சாயும்போது கதவைச் சாத்த ஒரு ஆள் வேண்டும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அதுவே வந்து அடைந்துவிடும். எண்ணிப் பார்த்துத் தாழ் போடுவது மட்டும் நம்ம வேலை.

தீனி: பானையும் தொட்டியும்

நொய், தவிடு, கம்பு எல்லாம் சத்துள்ளவைதான். ஆனால் முதல் சில வாரத்தில் குஞ்சுக்குத் தீனியில் 20 சதவீதம் புரதம் வேண்டும். தானியத்தில் அதில் பாதிதான் இருக்கும். மிச்சத்தைப் புழு பூச்சி கொடுக்கிறது. அதற்கு நம்ம ஆட்கள் கண்டுபிடித்தது கறையான் பானை. பழைய பானைக்குள் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி வறட்டி, வைக்கோல், கந்தல் எல்லாம் திணித்து, தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால், மறுநாள் காலையில் உள்ளே கறையான் மொய்த்திருக்கும். அப்படியே குஞ்சுகள் முன்னால் தட்டிவிட வேண்டியதுதான். செலவு கிடையாது. வீட்டு மர வேலைப்பாட்டிலிருந்து தள்ளி வையுங்க, அவ்வளவுதான்.

இன்னொன்று அசோலா. தண்ணீரில் மிதக்கும் சின்னப் பெரணி. அதன் இலைக்குள் குடியிருக்கும் நீலப்பச்சைப்பாசி காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. கன்னியாகுமரி விவேகானந்தா கேந்திரத்தின் இயற்கைவள மேம்பாட்டுத் திட்டத்தில் கமலாசனன் பிள்ளை இதைக் கால்நடைத் தீவனமாக வளர்க்கும் முறையைப் பரப்பினார். பள்ளம் வெட்டி, பாலித்தீன் தாள் விரித்து, சலித்த மண், சாணிக்கரைசல், கொஞ்சம் சூப்பர் பாஸ்பேட் போட்டு, நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டால் தொட்டி தயார். வேர்க்கடலைக்குப் பக்கத்தில் கீற்று நிழலில் போட்டிருக்கிறேன். தண்ணீர் 35 டிகிரிக்கு மேல் சூடானால் சுணங்கிவிடும், அதனால் கோடையில் நிழல் கட்டாயம்.

ஆனால் அசோலாவைப் பற்றிச் சொல்லப்படுவதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கணும். அதில் புரதம் 20 முதல் 25 சதவீதம் என்பது உண்மைதான், ஆனால் காய்ந்த எடைக்கு. பச்சை அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று, தொண்ணூற்று நாலு பங்கு தண்ணீர். ஒரு கிலோ பச்சை அசோலாவைக் காயவைத்தால் அறுபது எழுபது கிராம் மிஞ்சும். அதில் புரதம் பதினைந்து கிராம் போல. வளர்ந்த ஒரு கோழிக்கு ஒரு நாளைக்குத் தேவையான புரதமே ஏறக்குறைய அவ்வளவுதான். எந்தக் கோழியும் ஒரு நாளில் ஒரு கிலோ பச்சை தின்னாது. ஆக அசோலா கீரை மாதிரி, சோறு மாதிரி அல்ல. மஞ்சள்கரு நல்ல நிறமாக வரும், கோழி விரும்பித் தின்னும். தீவனச் செலவே இல்லாமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க.

கழிச்சல்: கம்பி போட்டுத் தடுக்க முடியாதது

இதுவரை சொன்ன எல்லாமே ஒரு ஆள், ஒரு வீடு, ஒரு சுத்தியல் இருந்தால் முடிகிற காரியம். இனி சொல்லப்போவது அப்படியல்ல.

என் நோட்டில் கழிச்சலில் போனது ஏழு குஞ்சு என்று எழுதியிருந்தேன். அதே வாரத்தில் எட்டுப் பெரிய கோழியில் ஆறும் போனது. பருந்து ஒரு குஞ்சைத் தூக்கினால் ஒன்றுதான் போகும். கழிச்சல் வந்தால் முட்டையிடும் பெட்டையும் போய்விடும், அடுத்த வருஷத்துக் குஞ்சும் சேர்ந்து போய்விடும். மாசி, பங்குனியில் வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, இறக்கை தொங்கி, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் கூண்டே காலியாகும். ஊரில் வெள்ளைக்கழிச்சல் என்பார்கள்.

புத்தகப் பெயர் ராணிக்கெட். 1926-ல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்திலும் ஜாவாத் தீவிலும் இந்த நோய் பதிவானது. அடுத்த வருஷம் இமயமலை அடிவாரத்து ராணிக்கெட்டில் கண்டார்கள். உலகம் நியூகாசில் நோய் என்கிறது, நாம் ராணிக்கெட் என்கிறோம். வைரஸ் நோய் என்பதால் வந்த பிறகு மருந்து கிடையாது. மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை கொடுப்பார்கள். தெம்புக்குக் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் வைரஸை அது நிறுத்தாது.

தடுப்பூசி ஒன்றே வழி. இந்தியாவில் ராணிக்கெட்டுக்குப் பக்கத்து மலையூரான முக்தேஸ்வரில் இருந்த கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் 1940-களிலேயே உருவானது ஆர்2பி என்ற ரகம். இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. வழக்கமான வரிசை இது: ஏழாம் நாள் வாக்கில் எஃப் அல்லது லசோட்டா மருந்து கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாம் வாரம் லசோட்டா மறுபடி. எட்டாம் வாரம் ஆர்2பி அரை மில்லி, இறக்கை அடியில் தோலுக்குக் கீழே ஊசி. ஆர்2பி கொஞ்சம் வீரியமானது என்பதால் ஆறு வாரத்துக்குக் குறைந்த குஞ்சுக்குப் போடக்கூடாது, சோர்ந்த கோழிக்கும் வேண்டாம். ஒரு வாரம் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிட்டால் ஊசி நன்றாகப் பிடிக்கும். தமிழ்நாடு கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாத முதல் இரண்டு வாரத்தில் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறது. கோடைக்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த மாதம்.

அப்படியிருந்தும் ஏன் கோழி சாகிறது? மருந்தின் தன்மையும் கிராமத்துக் கோழியின் தன்மையும் ஒத்துப்போவதில்லை. ஒரு குப்பி மருந்து ஐம்பது, நூறு கோழிக்கு வருவது. ஒரு வீட்டில் இருப்பதோ பத்து. குப்பியைத் திறந்து கரைத்துவிட்டால் ஐஸில் வைத்தாலும் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், வெயில் பட்டால் உயிர் போய்விடும். முகாமுக்கு ஆள் வருவதோ காலை பத்து மணிக்கு. அந்த நேரத்தில் கோழி கழனியில் இருக்கும், எந்த வீரனும் பிடிக்க முடியாது. பிடித்த நாலைக்கு ஊசி போடுவார்கள், பிடிபடாத ஆறு பழையபடியே இருக்கும்.

இந்தச் சிக்கல் நமக்கு மட்டும் இல்லை. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஸ்பிராட்பிரோ என்பவர் வெப்பம் தாங்கும் ஐ-2 என்ற ரகத்தை உருவாக்கினார். மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் ஊர்க்காரர்களே அதைக் கண்ணில் சொட்டுவிடப் பழகிக்கொண்டார்கள். நம்ம தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் தீனியாகவே கொடுக்கும்படி குருணை வடிவத்தில் வாய்வழி மருந்து ஒன்றை உருவாக்கியிருக்கிறது. கோழியை ஒவ்வொன்றாகப் பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சிறப்பு. உங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் பாருங்க.

எது கிடைத்தாலும் ஒரு வீடு மட்டும் போட்டால் பாதி வேலைதான் ஆகும். என் கோழிக்கு ஊசி போட்டு, பக்கத்து வீட்டுக் கோழிக்குப் போடாவிட்டால், வைரஸ் தெருவிலேயே சுற்றும். எனக்கு அடுத்த மாதம் பொரிக்கப்போகும் குஞ்சு அதற்குக் காத்திருக்கும். இன்னொன்றும் நடக்கிறது. ஒரு கோழி சோர்ந்ததும், மீதி சாவதற்குள் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கோழிக்காசு பெரும்பாலும் பெண்கள் கையில் இருக்கும் ஒரே காசு. ஸ்கூல் நோட்டு, பஸ் கட்டணம், அவசரத்துக்கு மாத்திரை எல்லாம் அதிலிருந்துதான் போகிறது. ஆனால் அந்தச் சந்தைக் கூடையில்தான் நோய் அடுத்த ஊருக்குப் போகிறது.

உத்திரமேரூர் என்றாலே எல்லோரும் குடவோலை முறையைச் சொல்வார்கள். 919, 921-ஆம் ஆண்டுகளில் முதலாம் பராந்தகன் காலத்தில் வெட்டிய அந்தக் கல்வெட்டுகளில் தேர்தலைவிட எனக்குப் பிடித்தது ஏரி வாரியம். வீட்டுக்கு வீடு கிணறு வெட்டிக்கொள்ளலாம், ஏரியை மட்டும் வீட்டுக்கு வீடு வெட்ட முடியாது. அதனால் அதற்கு ஒரு வாரியம் வைத்து, வருஷா வருஷம் ஆளை மாற்றியிருக்கிறார்கள். கூண்டு கிணறு மாதிரி. தடுப்பூசி ஏரி மாதிரி.

எங்கள் தெருவில் இப்போது நடப்பது இதுதான். ஒன்பது வீடு, சுமார் எழுபது கோழி. பிப்ரவரி பிறந்ததும் கால்நடை மருந்தகத்தில் நாள் கேட்டுக்கொள்வோம். முதல் நாள் சாயங்காலமே எல்லா வீட்டிலும் கோழியை அடைத்து எண்ணி வைத்துவிடுவோம். காலையில் கூண்டைத் திறப்பதில்லை. ஒருத்தர் ஐஸ் பெட்டியோடு போய் மருந்தையும் ஊசி போடுகிறவரையும் அழைத்து வருவார். கூண்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, ஊசி போட்டு, வெளியே விடுவது. மொத்தமும் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். போட்ட கோழி சில நாள் முட்டை குறைக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் யாரும் பயப்படுவதில்லை. சந்தையிலிருந்து புதுக்கோழி வாங்கினால் இரண்டு வாரம் தனியாகக் கூடையில் வைப்பது என்று ஒரு பேச்சும் உண்டு. வருஷத்துக்கு ஒரு வீடு இதையெல்லாம் ஞாபகப்படுத்தும் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது.

இனி நோட்டைப் பார்க்கிறேன். போன வருஷம் பொரித்தது 34. எட்டு வாரம் தாண்டியது 25. கழிச்சல் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. காக்கா எடுத்தது இன்னும் 4 இருக்கிறது, அதற்குப் படல் போட இன்னும் கொஞ்சம் கீற்று வேண்டும்.

புதிதாகக் கோழி வாங்குகிறவர்களுக்கு வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். கையில் கொஞ்சம் காசும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால், முதலில் தெருவில் எத்தனை கோழி இருக்கிறது என்று எண்ணிவிட்டு மருந்தகத்துக்குப் போங்க. இரண்டாவது, தாழ் போட்ட கதவுள்ள கூண்டு. மூன்றாவது, பருந்துக்கு ஒளிய படல். நாலாவது, கறையான் பானை. பல்பு, அசோலா எல்லாம் அதற்குப் பிறகு, ஆசை இருந்தால்.